டிஸெபிலிட்டி பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்துவிடாதீர்கள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் எல்லாரும் இதைப் படியுங்கள். படைப்பணியால் உடல் பாதிக்கப்பட்டு வெளிவந்தவருக்குக் கிடைப்பதுதான் டிஸெபிலிட்டி பென்ஷன்; அதை வைத்துத்தான் இந்த மோசடி. இன்னும் யூனிட்டில் இருக்கும் தம்பிகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

"பிரயாக்ராஜ்ல நமக்கு ஆள் இருக்கு சார், பத்து வருஷ அரியர்ஸ் மொத்தமா வந்துடும்" என்று, படைவீரர் பென்ஷன் ஆபீஸ் இருக்கும் ஊரைச் சொல்லி ஏஜென்ட்டுகள் வீடு தேடி வந்து பேசுகிறார்கள். முன்பணம் 15,000 ரூபாய், வரும் அரியர்ஸில் 30 சதவீதம், தேதி போடாத காசோலைகள், பத்திரத்தில் ஒரு கையெழுத்து, கூடவே அசல் டிஸ்சார்ஜ் புக்கும் (பணி விடுப்புச் சான்று) பி.பி.ஓ.வும் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) கேட்கிறார்கள். இப்படிக் கொடுத்து ஏமாந்த ஒரு ஹவில்தாரின் காகிதங்கள் எங்கள் பார்வைக்கு வந்தன. முதுகுத் தண்டில் பாதிப்பு, பணியிலிருந்து வெளிவரும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு பாதிப்பு என்று போட்டது 20 சதவீதம். ஆனால் 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல' என்று எழுதிவிட்டார்கள். அதனால் பென்ஷன் மறுக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் செய்யலாம் என்று ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) கடிதத்திலேயே இருந்தது. ஏஜென்ட் அப்பீலே போடவில்லை. டெல்லிக்குப் பொதுவான ஒரு கருணை மனுவை அனுப்பி, அந்த தபால் ரசீதைக் காட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறார். காகிதங்களைத் திருப்பிக் கேட்டபோது காசோலையைக் காட்டி மிரட்டல்.

முன்பணம் போனதைவிடப் பெரிய இழப்பு அந்த மாதங்கள்தான். பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தால் உரிமை அழியாது. ஆனால் 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அரியர்ஸ் பொதுவாக வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். பழைய நிலுவை இருப்பவருக்கு, தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் கரையலாம். அப்படியிருக்க 'பத்து வருஷ அரியர்ஸ்' என்று உறுதி கொடுப்பவரை எப்படி நம்புவது?

அவர்கள் கூலி கேட்கும் இன்னொரு விஷயம் ரவுண்டிங். அதாவது பாதிப்பு சதவீதம் 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்துவது. முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பானது. கடைசிச் சம்பளம் 40,000 என்று வையுங்கள். 100 சதவீத பாதிப்புக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. 20 சதவீதத்துக்கு 2,400தான் வரும். அதை 50 ஆக்கினால் 6,000. இது யாருடைய செல்வாக்காலும் கிடைப்பதல்ல. பாதிப்பு பணியோடு தொடர்புடையது என்று ஏற்கப்பட்டால்தான் இந்தக் கணக்கே. 2023 செப்டம்பர் 21 முதல் இந்த பென்ஷன் தகுதிக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளிவந்தவர்களிடம் பழைய விதியைச் சொல்லிப் பணம் கறக்கிறார்கள், கவனம்.

உண்மையான வேலை பணியிலிருந்து வெளியே வரும் முன்பே இருக்கிறது. மெடிக்கல் போர்டு படிவமான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16-ல் உங்கள் சொந்த வாக்குமூலப் பகுதி உண்டு. கிளார்க் நிரப்பிக் கொடுத்ததில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். நோய் எந்த வருடம், எந்த போஸ்டிங்கில் தொடங்கியது, அங்கே என்ன டியூட்டி என்று நீங்களே எழுதுங்கள். அடிபட்டவர் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 காய அறிக்கையின் நகல் கையில் இருக்க வேண்டும். மாரடைப்பு என்றால் அதற்கு முந்தைய 14 நாள் டியூட்டி விவரம் மிக முக்கியம். பல கேஸ்கள் தோற்பது இந்தக் காகிதங்கள் இல்லாமல்தான்.

வெளியே வந்துவிட்டீர்கள், நகல் இல்லை என்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் தகவல் உரிமை மனு போடுங்கள். போர்டு நடவடிக்கை முழுவதும், நிராகரிப்புக்கான குறிப்பும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முதல் அப்பீலை வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக அனுப்பலாம், கட்டணம் இல்லை. சேரும்போது முழுத் தகுதியோடு இருந்தீர்கள், அப்போது எந்தக் குறையும் பதிவாகவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். அந்த நிலையில் பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு. அப்பீலுக்கு ஆறு மாதம் பதில் இல்லாவிட்டாலும் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளைக்குப் போகலாம்.

வக்கீல் வேண்டும்தான். ஆனால் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்கே தடை. மாற்றுத்திறனாளிக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கிடைப்பார், 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் பயப்பட வேண்டாம். இனி வரவேண்டிய பென்ஷனை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் 1871 பென்ஷன் சட்டம் 12-ஆம் பிரிவின்படி செல்லாது. கொடுத்த காசோலைகளின் எண்ணைச் சொல்லி வங்கியில் ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுங்கள். அசல் காகிதங்களைத் தர மறுத்தால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்குங்கள். ஸ்பர்ஷ் (படைவீரர் பென்ஷனுக்கான அரசு இணையதளம்) பாஸ்வேர்டு ஏஜென்ட்டிடம் இருந்தால் இன்றே மாற்றி, வங்கிக் கணக்கும் மொபைல் எண்ணும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஓ.டி.பி. சொல்லி ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.