பித்தளையா, பி8-ஆ, பி20-ஆ: சிம்பலில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

டிரம்ஸ் வாங்கப் போகிறவர்கள் ஷெல், அதாவது டிரம்மின் மரக்கூடு, மேப்பிளா, பிர்ச்சா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சிம்பல், அதாவது ஸ்டாண்டில் மாட்டிக் குச்சியால் அடிக்கும் வட்ட உலோகத் தட்டு, பற்றிய பேச்சு வந்தால் மட்டும் "செட்டோட வர்றது இப்போதைக்குப் போதும்" என்று முடித்துவிடுவார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். சுமாரான டிரம்முக்கு நல்ல தோல் மாட்டி, டியூன் பண்ணி ஒப்பேற்றிவிடலாம். சிம்பலுக்கு மாற்றத் தோலும் இல்லை, முறுக்கத் திருகாணியும் இல்லை. பட்டறையை விட்டு வரும்போது என்ன சத்தமோ, கிட்டத்தட்ட அதுதான் கடைசிவரை.

கடையில் இருப்பதை உலோகத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று ரகம். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. 92 சதவீதம் செம்பு, 8 சதவீதம் வெள்ளீயம் கொண்ட பி8. 80-க்கு 20 என்ற கணக்கில் பி20. பின்னிரண்டும் வெண்கலம், எண் வெள்ளீயத்தின் அளவைச் சொல்கிறது. கோயில் மணி வெண்கலம் பி20-க்குப் பக்கத்துச் சொந்தம். குத்துவிளக்குப் பித்தளையைத் தட்டிப் பார்த்துவிட்டு மணியையும் தட்டிப் பார்த்தவருக்கு இந்தக் கட்டுரையில் பாதி முன்பே தெரியும்.

பித்தளையில் மைனல் எச்.சி.எஸ்., பைஸ்டே 101, சபியன் எஸ்.பி.ஆர். போன்ற மாடல்கள் வருகின்றன. விலை குறைவு, அவ்வளவுதான் அதன் பெருமை. அடித்ததும் ஒரு சத்தம் எழும், விரியாமல் அப்படியே அமுங்கிவிடும். நான் முதலில் வாசித்தது எங்கள் சர்ச்சில் கிடந்த ஒரு பித்தளை செட். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிவதற்குள் 16 அங்குல கிராஷின் (அழுத்தமான இடங்களில் ஓங்கி அடிக்கும் சிம்பல்) விளிம்பில் நகம் நுழையும் அளவுக்குக் கீறல். அதற்குப் பிறகு அது எவர்சில்வர் தூக்குவாளி மூடி மாதிரி 'சளக்' என்றது. கீறலுக்கு முன்னும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எங்கள் பாஸ் கிட்டார் அண்ணன் சொன்னார், அதுவும் பொய்யில்லை. ஏழு வயதுப் பிள்ளை வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி வாசிக்கும் பருவத்துக்குப் பித்தளை சரி. அதற்கு மேல் வேண்டாம்.

பி8 வேறு கதை. வெள்ளீயம் குறைவு என்பதால் உலோகம் இளகியே இருக்கும். பெரிய தகடாக உருட்டி, வட்டமாக வெட்டி, இயந்திரத்தில் அழுத்தி எடுத்துவிடலாம். ஒரு சிம்பலுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். சத்தம் பளிச்சென்று, நேராக, சத்தமான கிட்டார்களைக் கிழித்துக்கொண்டு வரும். சபியன் பி8எக்ஸ், பைஸ்டே பி.எஸ்.டி. 7, ஸில்ஜியன் ஐ எல்லாம் இந்த ரகம்.

"பி8 என்றாலே மட்டம்" என்று சொல்பவர்களிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்: பைஸ்டே 2002. 1971-இல் வந்தது, இன்றும் சுவிட்சர்லாந்தில் செய்கிறார்கள், அதே 8 சதவீத வெள்ளீயம். லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனம் அடித்து நொறுக்கியது இதைத்தான். விலையும் பி20-களோடு தோளுரசும். உலோகம் ஒன்றே என்றாலும் கையால் தட்டுவது, கடைவது, கனம் பார்ப்பது எல்லாம் சேர்ந்து அதை வேறு சிம்பல் ஆக்கிவிடுகிறது.

இனி பி20. சிம்பல் செய்யும் ஸில்ஜியன் குடும்பம் 1623 முதல் கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) காத்து வந்த ரகசியம், இப்போது எல்லாருக்கும் தெரிந்த கலவை. கஷ்டம் கலவையில் இல்லை, வேலையில்தான். 20 சதவீத வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் ஆறியபின் கண்ணாடி போல நொறுங்கும். அதனால் ஒவ்வொரு சிம்பலையும் தனித்தனியாக வார்த்து, பழுக்கக் காய்ச்சி உருட்டி, மறுபடி காய்ச்சி மறுபடி உருட்டி மெல்லிசாக்க வேண்டும். கடைசியில் சூட்டோடு தண்ணீரில் முக்குவார்கள். இரும்பை அப்படி முக்கினால் விறைத்துப்போகும். இந்த வெண்கலமோ இளகிச் சுத்தியலுக்கு வளைந்துகொடுக்கும். நீலகிரியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த இரும்புக்கால வெண்கலக் கலங்களில் இதே வித்தை தெரிந்த கைகளைப் பார்க்கலாம். வெள்ளீயத்தை இன்னும் ஏற்றி மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுபோனால் கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி. முகம் பார்க்கலாம், குச்சியால் அடிக்க முடியாது.

விலை எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அங்குல ரைட் (தாளத்தைத் தொடர்ந்து ஓட்டும் பெரிய சிம்பல்) சுமார் 2.2 கிலோ என்று வையுங்கள். பி20 என்றால் அதில் 440 கிராம் வெள்ளீயம், பி8 என்றால் 176 கிராம். வித்தியாசம் கால் கிலோ சொச்சம். வெள்ளீயம் செம்பைவிட விலை கூடியதுதான், ஆனாலும் ஒரு நல்ல பி20 ரைடின் விலையில் பித்தளை செட்டே வாங்கிவிடலாம் என்ற நிலைமையைக் கால் கிலோ வெள்ளீயம் உண்டாக்கவில்லை. நாம் கொடுப்பது அடுப்புக்கும் சுத்தியலுக்கும் கூலி.

சத்தத்துக்கு வருவோம். பி20-யில் ஒரு அடிக்குள் பல அடுக்கு கேட்கும். குச்சி நுனியால் மெல்லத் தொட்டால் ஒன்று, நுனிக்குக் கீழே குச்சி தடிக்கும் இடத்தால் இடித்தால் வேறொன்று. மைக் வைத்துப் பதிவு செய்யும்போது இந்த வித்தியாசம் இன்னும் துலங்கும். ஆனால் பி20 எல்லாம் ஒரே குரல் என்று நினைக்க வேண்டாம். ஸில்ஜியனின் ஏ வரிசை பளிச்சென்று இருக்கும், கே வரிசை இருண்டு அடங்கி ஒலிக்கும். இரண்டும் ஒரே கலவை. பி10, பி12 என்று நடுவிலும் சில உண்டு. ஸில்ஜியன் எஸ் பி12தான். பி8-இன் கூர்மை கொஞ்சம் மழுங்கிய மாதிரி, மோசமில்லை.

எனவே என் தீர்ப்பு இது. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருப்பது தரத்தின் கோடு. பி8-க்கும் பி20-க்கும் நடுவே இருப்பது ருசியின் கோடு. மேடையில் ராக் வாசிப்பவர் நல்ல பி8 வாங்கினால் ஒன்றும் குறைந்துபோகாது. ஜாஸ், சர்ச், மெல்லிசை என்றால் பி20 பக்கம் போங்கள். புது பித்தளை செட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரே ஒரு பழைய பி20 ஹைஹாட் (காலால் மிதித்து மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) ஜோடி கிடைக்குமா என்று தேடுங்கள். பாட்டு முழுக்கக் கை அதில்தானே இருக்கிறது. கிராஷ் காத்திருக்கும்.

பழையது வாங்கும்போது அழுக்கையும் நிறம் மங்கியதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதனால் சிம்பல் கெட்டுவிடாது. நடு ஓட்டை வட்டமாக இருக்கிறதா, ஸ்டாண்ட் கம்பி தேய்த்துச் சாவித்துவாரம் போல நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, கீறலில் நகம் எங்காவது தட்டுகிறதா என்று ஒரு முழுச் சுற்று வாருங்கள். நகம் தட்டினால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.