என்பிஏ அணிக்கு அடுத்த தலைமைப் பயிற்சியாளர்: உள்ளிருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஓர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் தாமாக விலகினாலும் விலக்கப்பட்டாலும், அவருடைய இடத்துக்கு அடிபடும் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. அதே அணியில் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தவர், வேறோர் அணி வெளியேற்றிய முன்னாள் தலைமைப் பயிற்சியாளர், கல்லூரிக் கூடைப்பந்தில் பெயர் எடுத்தவர், பயிற்சி அனுபவமே இல்லாமல் தொலைக்காட்சி வர்ணனையிலிருந்து வரும் முன்னாள் ஆட்டக்காரர் என்பவையே அந்த நான்கு. இவர்களை எடைபோடும்போது பொது மேலாளர்கள் வெற்றி தோல்விக் கணக்கையும் ஆட்டக்காரர்களிடையே உள்ள செல்வாக்கையும் முதலில் பார்க்கிறார்கள். நான் அவற்றுக்கு முன்னால் வேறொரு கேள்வியை வைப்பேன்: இவர் எங்கேயாவது, எவ்வளவு சிறிய அணியாக இருந்தாலும், தோல்விக்குத் தாம் ஒருவரே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறாரா?

இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால், துணைப் பயிற்சியாளர்களை ஒரே கூட்டமாகப் பார்க்க முடியாது என்பது தெரிந்துவிடும். 1989-இல் டக் காலின்ஸுக்குப் பதிலாகச் சிகாகோ புல்ஸ் உயர்த்திய ஃபில் ஜாக்சன், அதற்கு முன்பே ஆல்பனி பேட்ரூன்ஸ் என்ற சிறு லீக் அணியின் தலைமைப் பயிற்சியாளராக 1984-இல் பட்டம் வென்றிருந்தார். 2018-இல் 59 ஆட்டங்களில் வென்று கொடுத்த டுவேன் கேசியை டொராண்டோ ராப்டர்ஸ் நீக்கிவிட்டு அவருடைய துணைப் பயிற்சியாளர் நிக் நர்ஸை நியமித்தபோது பலர் வியந்தார்கள். ஆனால் நர்ஸ் பிரிட்டனின் லீக்கில் பல ஆண்டுகள் அணிகளை நடத்தியவர். பின்னர் என்பிஏவின் வளர்ச்சி லீக்கில் அயோவா அணியோடு 2011-இலும் ரியோ கிராண்டே வேலி அணியோடு 2013-இலும் பட்டம் வென்றவர். கவாய் லெனர்ட் வந்து சேர்ந்த அடுத்த பருவத்திலேயே, 2019-இல், ராப்டர்ஸ் சாம்பியன் ஆனது. பாஸ்டனில் 2024-ஆம் ஆண்டுப் பட்டத்தை 35 வயதில் வென்ற ஜோ மஸூலா, செல்டிக்ஸில் சேர்வதற்கு முன் ஃபேர்மான்ட் ஸ்டேட் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரி அணிக்கு இரண்டு பருவங்கள் தலைவராக இருந்தார். ஓக்லஹோமா சிட்டியின் மார்க் டேக்னால்ட் 2014 முதல் 2019 வரை அதே நிறுவனத்தின் ஜி லீக் (வளர்ச்சி லீக்கின் இன்றைய பெயர்) அணியை நடத்தியவர்.

இந்த நால்வரையும் ‘உள்ளிருந்து உயர்த்தப்பட்டவர்கள்’ என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கூட்டமே இல்லாத அரங்கங்களில் அவர்கள் தனியாக எடுத்த முடிவுகளில் இருக்கிறது. துணைப் பயிற்சியாளர் யோசனை சொல்பவர். அந்த யோசனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் தள்ளுபவர் தலைமைப் பயிற்சியாளர். நான்காம் கால்பகுதியில் 20 விநாடிக்குள் எடுக்கும் முடிவு பிழையாகிவிட்டால், மறுநாள் காலை அதே ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவரும் அவரே. இந்த வேலைக்கும் துணைப் பயிற்சியாளரின் வேலைக்கும் உள்ள தூரம் வெளியே தெரிவதைவிட அதிகம்.

அந்தத் தூரத்தைக் கடக்க முடியாமல் போனவர்களுக்கும் குறைவில்லை. யூட்டா ஜாஸை 1988 முதல் நடத்திவந்த ஜெர்ரி ஸ்லோன், 2011 பிப்ரவரி 10 அன்று பருவத்தின் நடுவே விலகினார். அன்றே துணைப் பயிற்சியாளர் டைரோன் கார்பின் பொறுப்பேற்றார். இரண்டு வாரத்துக்குள் அணியின் முதன்மை ஆட்டக்காரர் டெரன் வில்லியம்ஸும் நியூ ஜெர்சிக்கு அனுப்பப்பட்டார். 112 வெற்றி, 146 தோல்வி என்று முடிந்த கார்பினின் கணக்கை முழுவதும் அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனாலும் அவ்வளவு காலம் நீடித்த ஒருவருக்குப் பிறகு வருபவரை ஒரே நாளில் நியமித்தது, வாரிசைப் பற்றி அந்த அணி முன்கூட்டித் திட்டமிடவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

லூக் வால்டனின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 2015-16 பருவத்தின் தொடக்கத்தில் முதுகு வலிச் சிக்கலால் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் ஒதுங்கியிருந்த 43 ஆட்டங்களில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸைத் துணைப் பயிற்சியாளர் வால்டன் நடத்தினார். தொடர்ந்து 24 வெற்றிகளோடு தொடங்கி 39-4, அதாவது 39 வெற்றி, 4 தோல்வி, என்று முடித்தார். விதிப்படி அந்த வெற்றிகள் எல்லாம் கெரின் பெயரிலேயே பதிவாயின என்பது வேடிக்கையான செய்தி. ஆனால் அந்த விதியில் ஒரு ஞாயமும் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. மூன்று பருவங்களில் 98 வெற்றி, 148 தோல்வி. இடைக்காலப் பொறுப்பில் இருப்பவர் இன்னொருவர் கட்டிய வண்டியை ஓட்டுகிறார். அந்த ஓட்டத்தை வைத்து அவரால் வண்டி கட்ட முடியுமா என்று சொல்லிவிட முடியாது.

என் கேள்விக்கு அடங்காத ஒருவரும் உண்டு, அவர் சாதாரண ஆளும் அல்லர். மயாமி ஹீட்டில் 1995-இல் காணொளி அறையில் வேலைக்குச் சேர்ந்த எரிக் ஸ்போல்ஸ்ட்ரா, அமெரிக்காவில் வேறெங்கும் ஒரு என்பிஏ அணியையோ சிறு லீக் அணியையோ நடத்தாமல், 2008-இல் 37 வயதில் பேட் ரைலியின் இடத்துக்கு வந்தார்; ரைலி அணி நிர்வாகத்தின் தலைவராக நீடித்தார். 2010-இல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் வந்து சேர்ந்த பிறகு அணி 9-8 என்று தடுமாறியபோது, ரைலியே திரும்பி வந்துவிடுவார் என்று எல்லோரும் பேசினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2005 டிசம்பரில், ஸ்டான் வான் கண்டியின் இடத்தில் அவர் அப்படித்தான் வந்து அமர்ந்து 2006-இல் பட்டமும் வென்றிருந்ததால், அந்தப் பேச்சுக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. இம்முறை அவர் வரவில்லை. 2012, 2013 பட்டங்கள் ஸ்போல்ஸ்ட்ராவின் பெயரில் சேர்ந்தன. முன்பு தனியாகப் பொறுப்பேற்காத ஒருவரை நியமிப்பதாக இருந்தால், அவருக்கு மேலே இருப்பவர் அந்த அளவுக்குப் பொறுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகை, ஏற்கெனவே தலைமைப் பொறுப்பில் இருந்து நீக்கப்பட்டவர். இவர்களைச் சுழன்று சுழன்று வரும் பழைய முகங்கள் என்று ரசிகர்கள் எள்ளுவதுண்டு. 2024-ஆம் ஆண்டுக் கோடைகாலம் இந்த எள்ளலைப் பாதி பொய்யாக்கியது, பாதி மெய்யாக்கியது. 48 வெற்றிகள் பெற்றும் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபை நீக்கிய கிளீவ்லாந்து, முன்பு புரூக்ளினில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து பின் கோல்டன் ஸ்டேட்டில் துணைப் பயிற்சியாளராக இருந்த கென்னி அட்கின்சனை எடுத்தது. 64-18 என்று அணி எழ, அவர் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் ஆனார். கிளீவ்லாந்து தள்ளிய பிக்கர்ஸ்டாஃபோ, முந்தைய பருவம் மான்டி வில்லியம்ஸின் கீழ் 14-68 என்று கிடந்த டெட்ராய்ட் பிஸ்டன்ஸை ஒரே பருவத்தில் 44-38-க்குக் கொண்டு வந்தார். அதே கோடையில் ஃபீனிக்ஸ், 2021-இல் மில்வாக்கிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த மைக் புடன்ஹோல்சரை அமர்த்தி, 36-46 என்று முடித்து, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கே போகாமல் அவரையும் நீக்கியது. 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று தலைமைப் பயிற்சியாளர்களை நீக்கிய அணி அது. அவர்களில் இருவர் பட்டம் வென்றவர்கள். குறை பயிற்சியாளர்களிடம் இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வில்லியம்ஸின் நியமனம் இந்த வகையின் விலையையும் காட்டுகிறது. 2023-இல் டெட்ராய்ட் அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7.85 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அந்தப் பருவத்தில் அணி தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. ஒரே ஆண்டில் அவர் வெளியேறினார். பெயருக்குக் கொடுக்கும் பணம், பெயரோடு வராத ஆட்டக்காரர்களை ஈடுகட்டாது. அட்கின்சனும் பிக்கர்ஸ்டாஃபும் வென்றதற்குக் காரணம், முன்பு செய்த பிழைகளைத் திருத்திக்கொள்ளப் பொருத்தமான அணி அவர்களுக்குக் கிடைத்ததே என்று நினைக்கிறேன்.

கல்லூரிப் பயிற்சியாளர்களைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஜாக்சனுக்குப் பிறகு சிகாகோவுக்கு வந்த டிம் ஃபிளாய்டு 49-190. பாஸ்டனில் ரிக் பிட்டினோ 102-146. கிளீவ்லாந்தில் ஜான் பைலைன் 54 ஆட்டங்களோடு விலகல். ஃபிளாய்டுக்கு மைக்கேல் ஜோர்டனும் ஸ்காட்டி பிப்பனும் போன அணிதான் மிஞ்சியது என்பதையும் சொல்லியாக வேண்டும். இவர்கள் எல்லோரும் என் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லக்கூடியவர்கள்தான். ஆனால் தமக்கு வேண்டிய ஆட்டக்காரரைத் தாமே தேர்ந்து சேர்த்து, அவரைவிட அதிகாரம் மிக்கவராகத் தாமே இருந்து பழகியவர்களுக்கு, 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் தம்மைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கும் வளர்ந்த மனிதர்களை இணங்க வைப்பது வேறு தொழில். பிராட் ஸ்டீவன்ஸ் மட்டும் தெளிவான விலக்கு: பட்லர் பல்கலைக்கழகத்திலிருந்து 2013-இல் பாஸ்டனுக்கு வந்து, முதல் பருவம் 25-57 என்று தோற்று, பின் மூன்று முறை கிழக்குப் பிரிவின் இறுதிக்கு அணியைக் கொண்டு சென்றார். அந்த முதல் பருவத்தை மன்னிக்கப் பாஸ்டன் தயாராக இருந்தது.

அனுபவமில்லாத முன்னாள் ஆட்டக்காரர் என்ற தெரிவு எப்போதும் கெரைக் காட்டியே விற்கப்படுகிறது. 2014-இல் வர்ணனையிலிருந்து வந்த அவர் முதல் பருவத்திலேயே 67 ஆட்டங்களை வென்று பட்டமும் பெற்றார். ஆனால் அவர் ஃபீனிக்ஸில் மூன்று ஆண்டுகள் பொது மேலாளராக இருந்தவர். ஆல்வின் ஜென்ட்ரி, ரான் ஆடம்ஸ் போன்ற அனுபவசாலிகளைத் துணைக்கு அமர்த்திக்கொண்டவர். முந்தைய பயிற்சியாளர் விட்டுச்சென்ற 51 வெற்றி அணியைப் பெற்றவர். கெர் தங்கள் அழைப்பை ஏற்காததால் நியூயார்க் நிக்ஸ் அதே கோடையில் நியமித்த டெரெக் ஃபிஷர், அப்போதுதான் ஆட்டத்தை விட்டவர். 40-96 என்ற கணக்கோடு 2016-இல் நீக்கப்பட்டார். கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் டேன் ஹர்லி மறுத்த பிறகு லேக்கர்ஸ் 2024-இல் எடுத்த ஜே.ஜே. ரெடிக் முதல் பருவத்தில் 50-32 என்று நன்றாகவே செய்தார். ஆனால் மின்னசோட்டாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் நான்காம் ஆட்டத்தில், இரண்டாம் பாதி முழுவதும் ஒருவரையும் மாற்றாமல் அதே ஐவரை ஆட வைத்து, மூன்று புள்ளிகளில் தோற்றார். அந்தத் துணிச்சலை நான் குறை சொல்லவில்லை. இத்தகைய முடிவின் விளைவை ஜி லீக்கின் ஒரு ஜனவரி இரவில் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

வேறோர் அணியில் இப்போது பணியில் இருப்பவரை இழுப்பது ஐந்தாவது வழி என்றாலும், ஒப்பந்தத்தில் இருப்பவரோடு பேச அவருடைய அணியின் அனுமதி வேண்டும். கிடைத்தாலும் விலை உண்டு. 2013-இல் டாக் ரிவர்ஸை விடுவிக்க லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் பாஸ்டனுக்கு, புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்துகொள்ளும் 2015-ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையைக் கொடுத்தது. 2025-இல் டாம் திபடோவை நீக்கிய நிக்ஸ் பல அணிகளிடம் அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட பிறகே மைக் பிரவுனிடம் வந்து நின்றது. அடுத்தவர் யார் என்று தெரியாமலேயே, இருந்தவரை நீக்கியதாகவே அது எனக்குப் பட்டது.

இவை எல்லாவற்றிலும் கூர்ந்து பார்க்க வேண்டிய மாற்றம் சான் அன்டோனியோவில் நடந்தது. 1996 முதல் ஸ்பர்ஸை நடத்தி ஐந்து பட்டங்களும் லீக் வரலாற்றிலேயே அதிகமான 1,422 வெற்றிகளும் பெற்ற கிரெக் பாப்போவிச், 2024 நவம்பரில் லேசான பக்கவாதத்துக்கு ஆளானார். துணைப் பயிற்சியாளர் மிட்ச் ஜான்சன் 77 ஆட்டங்களை இடைக்காலமாக நடத்தி 32-45 என்று முடித்தார். 39-4 பெற்ற வால்டனை லேக்கர்ஸ் நம்பியதற்கு நேர் எதிராக, தோல்வியே அதிகமுள்ள கணக்கைப் பார்த்தும் ஸ்பர்ஸ் 2025 மே மாதம் ஜான்சனையே நிலையான பயிற்சியாளர் ஆக்கியது. அந்த 45 தோல்விகளையும் நிர்வாகம் அருகிலிருந்து பார்த்திருந்தது. பாப்போவிச்சோ அணி நிர்வாகத்தின் தலைவராக அதே கட்டடத்தில் இருக்கிறார். 2010-இல் ரைலி உட்கார்ந்திருந்த அதே வகையான நாற்காலி அது.