கணவர் பெயருக்குப் பின்னால் நிற்பவளைத் தேடி: ஃபேமிலிசர்ச் இணையதளம், ஒரு மதிப்பீடு

புலம்பெயர்ந்த சமூகம் ஒன்றில் வாழ்ந்து மறைந்த கத்தோலிக்க விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் வரலாற்றை எழுத முனைபவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது ஃபேமிலிசர்ச் இணையதளத்தைத்தான். கட்டணம் கிடையாது, கணக்கு ஒன்றைத் தொடங்கினால் போதும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894இல் மார்மன் திருச்சபையினர் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் இன்றைய வடிவம் இது. அச்சங்கம் 1938 முதல் பழைய ஆவணங்களைப் படம்பிடித்துவந்த நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருள்கள், ஏறத்தாழ 24 லட்சம், 2021இல் முழுமையாகக் கணினிக்கு மாற்றப்பட்டன. இவ்வளவு பெரிய ஆவணக் குவியலில் ஒரு சாதாரணப் பண்ணை வீட்டுப் பெண் எந்த அளவுக்கு அகப்படுகிறாள் என்பதை, கான்சாஸ் மாநிலம் எல்லிஸ் கவுன்டியில் குடியேறிய வோல்கா ஜெர்மானியக் கத்தோலிக்கர்களை வைத்துப் பார்த்தேன்.

இவர்களுடைய முன்னோர்கள் பேரரசி கேத்தரினின் 1763ஆம் ஆண்டு அழைப்பை ஏற்று ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரைக்குச் சென்றவர்கள். அப்போது அளிக்கப்பட்ட ராணுவச் சேவை விலக்கு 1874இல் இல்லாமற்போகவே, 1876ஐ ஒட்டி ஹெர்சோக், கேத்தரின், மன்ஜோர், ஃபைஃபர் முதலிய ஊர்களைக் கான்சாஸில் அமைத்துக்கொண்டார்கள். ஹெர்சோக் இன்று விக்டோரியா என்ற ஊரின் பகுதி. அங்கே 1908 முதல் 1911 வரை புனித ஃபிடெலிஸ் ஆலயம் எழுந்தபோது, பன்னிரண்டு வயதைக் கடந்த பங்கு மக்கள் (அந்த ஆலயத்தைச் சேர்ந்தவர்கள்) ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 45 டாலரும் ஆறு வண்டி சுண்ணாம்புக் கல்லும் தர வேண்டும் என்று விதித்தார்கள். ஆலயம் கட்டியவர்கள் என்று ஆண்களின் பெயர்களே நினைவில் நின்றாலும், அந்தப் பணம் புறப்பட்ட வீடுகளில் வெண்ணெய் கடைந்தவர்களும் கோழி வளர்த்தவர்களும் பெண்களே.

தளத்தின் வலுவான பகுதி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதிலும் 1900ஆம் ஆண்டின் தாள் ஒரு புதையல். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள், அமெரிக்காவுக்கு வந்த ஆண்டு ஆகியவற்றோடு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிரோடிருப்போர் எத்தனை என்ற இரண்டு கட்டங்களும் அதில் உண்டு. ‘10’ என்றும் ‘7’ என்றும் அடுத்தடுத்து இருந்தால், மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த தாய் அவள் என்பது புரிந்துவிடும். அந்த மூவரின் பெயர்களை அரசுப் பதிவில் தேடிப் பயனில்லை. கான்சாஸில் மாநிலம் தழுவிய பிறப்பு, இறப்புப் பதிவு 1911இல்தான் தொடங்கியது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் 1921 தீ விபத்தை அடுத்துப் பெரும்பாலும் அழிந்துபோனதால், 1880க்கும் 1900க்கும் இடையே விழும் இருபதாண்டுப் பள்ளத்தை, 1885, 1895ஆம் ஆண்டுகளில் கான்சாஸ் மாநிலம் தனியே எடுத்த கணக்கெடுப்புகளைக் கொண்டே நிரப்ப வேண்டியிருக்கிறது.

அதே தாளில் தொழில் என்ற கட்டத்தைப் பாருங்கள்: கணவருக்கு ‘விவசாயி’, அவளுக்கு வெற்றிடம். 1880ஆம் ஆண்டு வேளாண் அட்டவணையில் பண்ணையில் எடுத்த வெண்ணெய் எத்தனை பவுண்டு, முட்டை எத்தனை டஜன் என்றெல்லாம் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அவள் உழைப்பின் அந்தக் கணக்கு கணவர் பெயரில் இருப்பதால், அவள் பெயரை இட்டுத் தேடினால் வராது. குடியுரிமை ஆவணங்களிலும் இதே கதைதான். 1855 முதல் 1922 வரை மணமான பெண்ணின் குடியுரிமை கணவரைப் பின்பற்றியே அமைந்ததால், அவளுக்கென்று தனி விண்ணப்பம் இருக்காது. இவை தளத்தின் குறைகள் அல்ல, அந்தக் காலத்தின் குறைகள். இருந்தாலும், தேடல் பெட்டியில் பெயரை இட்டுவிட்டு எதுவும் வரவில்லை என்று திரும்பிவிடுபவருக்கு இந்த வேறுபாட்டைத் தளம் இன்னும் தெளிவாகச் சொல்லலாம்.

எனக்குப் பெரிதும் பயன்பட்ட உத்தி, பிள்ளையின் பெயரைக் காலியாக விட்டுவிட்டுப் பெற்றோர் பெயர்களை மட்டும் இட்டுத் தேடுவது. அன்னா மரியாக்களும் கத்தரீனாக்களும் தெருவுக்கு நால்வர் இருக்கும் சமூகத்தில், கணவர் பெயரும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் சேர்ந்தால்தான் ஆளை அடையாளம் காண முடியும்.

அந்தப் பிறந்த வீட்டுப் பெயரை உறுதியாகத் தருவது லத்தீனில் எழுதப்பட்ட திருமுழுக்குப் பதிவேடு. தாயின் கன்னிப் பெயரும் ஞானத்தாய், ஞானத்தந்தையின் பெயர்களும் அதில் இருக்கும்; ஞானப் பெற்றோர் பெரும்பாலும் தாய் தந்தையரின் உடன்பிறந்தவர்களாகவே இருப்பதால், ஒரு பதிவிலிருந்து ஒரு குடும்பமே விரியும். கத்தோலிக்கக் குடும்பங்களைத் தேடுபவர்களுக்கு இத்தளம் கைவிரிக்கும் இடமும் இதுதான். இறந்தவர்களுக்காக, உயிரோடிருப்பவர் ஒருவரைப் பதிலாக நிறுத்தி மார்மன்கள் நடத்தும் பதிலித் திருமுழுக்கை முன்னிட்டு, பங்குப் பதிவேடுகளை யூட்டா சங்கத்துக்கு அளிக்க வேண்டாம் என்று வத்திக்கானின் குருக்கள் பேராயம் 2008இல் ஆயர்களுக்கு எழுதியது. அதற்கு முன்பே படமெடுக்கப்பட்ட கத்தோலிக்கப் பதிவேடுகள் ஏராளமாக உள்ளன. ஆனால் அமெரிக்கப் பங்குகளைப் பொறுத்தவரை கிடைப்பதும் கிடைக்காததும் மறைமாவட்டத்துக்கு (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதிக்கு) மறைமாவட்டம் மாறும். எல்லிஸ் கவுன்டிக்குச் சலைனா மறைமாவட்டத்தையோ உரிய பங்கு அலுவலகத்தையோ நேரடியாக அணுகுவதே நல்லது.

அனைவரும் சேர்ந்து திருத்தும் பொதுக் குடும்ப மரத்தை நான் துப்பாக மட்டுமே கொள்கிறேன். ஒரே பெயருள்ள இரு பெண்களை யார் வேண்டுமானாலும் இணைத்துவிடலாம்; விதவையாகி மறுமணம் செய்தவள் இரண்டு பெண்களாகப் பிரிந்துகிடக்கவும் கூடும். மாற்றங்களின் வரலாறு பதிவாகியிருப்பதால் பிழையைப் பின்னோக்கிச் சரிசெய்ய முடியும் என்பது ஆறுதல். 2024இல் சோதனை முறையில் வந்த முழு உரைத் தேடல், கையெழுத்து ஆவணங்களையும் படித்துத் தருவதால், உயில்களிலும் நிலப் பத்திரங்களிலும் சாட்சியாகவோ வாரிசாகவோ ஒரு வரியில் வந்துபோகும் பெண்களையும் வெளிக்கொணர்கிறது. சந்தா கட்டும் தளங்களுக்குப் போகுமுன் இதைத் தீர ஆராய்ந்துவிடுங்கள். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது. அவற்றின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைப்பு நூலகத்திலோ திறந்து பார்க்கலாம்.