வேலையும் ஏ.பி.சி.யும்: பயிற்சி சர்வேயராக இரண்டரை ஆண்டுகள்

துபாயில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பயிற்சி குவான்டிட்டி சர்வேயராக, அதாவது கட்டுமானத்தின் அளவையும் செலவையும் கணக்கிடுபவனாக இருந்துகொண்டே, பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வேயர் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ்.ஸின் உறுப்பினர் தகுதிக்குத் தயாரானேன். அதற்கான மதிப்பீட்டின் பெயர்தான் ஏ.பி.சி. பதிவு செய்ததிலிருந்து நேர்முகம் முடியும்வரை இரண்டரை ஆண்டுகள் பிடித்தன. எது உதவியது, எது வீண் என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு புதிதாக வந்த எனக்கு 24 மாதப் பயிற்சி. அதில் குறைந்தது 400 வேலை நாள்களுக்கு நாட்குறிப்பு எழுத வேண்டும். ஆண்டுக்கு 48 மணி நேரம் தொழில்சார் கற்றலும் உண்டு. இவற்றுக்குப் பொறுமை இருந்தால் போதும். திறன்களை மூன்று நிலைகளில் மதிப்பிடுவார்கள். சிக்கல் மூன்றாம் நிலையில்தான். முதல் நிலைக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், இரண்டாவதற்குச் செய்திருக்க வேண்டும், மூன்றாவதற்குக் காரணத்தோடு ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும். நாளெல்லாம் வரைபடத்தில் அளவெடுப்பவன் யாருக்கு ஆலோசனை சொல்வது?

எங்கள் திட்டம் ஒன்றில் மண் தோண்டும் அளவு பில்லில் (வேலைகளின் அளவும் விலையும் கொண்ட ஒப்பந்தப் பட்டியலில்) இருந்ததைவிட நன்றாகவே கூடிவிட்டது. ஒப்பந்தக்காரர் புது விலை கேட்டார். சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த விதிகளின் தொகுப்பான 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 12.3 பிரிவுப்படி, அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறியது மட்டும் போதாது. அந்த மாற்றத்தைப் பில் விலையால் பெருக்கினால் ஒப்பந்தத் தொகையில் 0.01 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதனால் ஓர் அலகுக்கான செலவும் 1 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்க வேண்டும். ‘நிலையான விலை’ என்று குறித்த இனமாகவும் இருக்கக் கூடாது. அலகுச் செலவு மாறியதற்கு ஒப்பந்தக்காரர் ஒரு தாள்கூடக் காட்டவில்லை. பழைய விலையே தொடரலாம் என்று அரைப் பக்கக் குறிப்பெழுதி மேலாளரிடம் கொடுத்தேன். ஏ.பி.சி.க்கு எனக்கு வழிகாட்டிய கவுன்சிலர் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பதிவில்தான் நின்றார். “தம்பி, இதுபோல இன்னும் நான்கைந்து கொண்டு வாருங்கள்” என்றார். யாரும் கேட்காமலே குறிப்பெழுதும் பழக்கம் அதன்பின் வந்தது.

விலைக்கு வாங்கிய கேள்வி வங்கிகளால் பெரிய பயன் இல்லை. ஆர்.ஐ.சி.எஸ். உறுப்பினர்கள் நடத்திய மாதிரி நேர்முகங்கள் பலமடங்கு மேல். உண்மையான நேர்முகம் 60 நிமிடம். முதல் 10 நிமிடம், நம் திட்ட வேலையைப் பற்றி நாம் எழுதித் தந்த 3,000 சொல் ஆய்வறிக்கையை நாமே விளக்க வேண்டும். மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் ஒழுக்க விதிகளில் தடுமாறினால் கதை முடிந்தது. ஒப்பந்தக்காரர் அனுப்பும் தீபாவளி இனிப்புப் பெட்டியை வாங்கலாமா என்ற வகைக் கேள்விகள் அவை. இத்தனை ரூபாய் வரை வாங்கலாம் என்ற வரம்பு எதுவும் இல்லை. டெண்டர் நடக்கிறதா, நிறுவனக் கொள்கை என்ன, பதிவேட்டில் எழுதினோமா என்றுதான் யோசிக்க வேண்டும்.

கட்டணத்தை நிறுவனம் கட்டியது. பதிலுக்கு, குறிப்பிட்ட காலம் வேலையை விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது. தேர்ச்சி பெற்றதும் சம்பளம் உயரவில்லை, அடுத்த வேலையில்தான் உயர்ந்தது. பயிற்சியாளராகச் சேரப் போகிறவர்கள் கட்டணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், ஒப்பந்தக் கடிதங்களைத் தயாரிக்கும் மேசைக்கு எத்தனை மாதத்தில் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள்.