செரியா, அமானோவா, ஆற்றிறாலா? கொழும்பு வீட்டில் இறால் குஞ்சு பொரிக்க எது தோது

மூன்று இறாலும் நன்னீரில் வாழ்பவை. மூன்றிலும் பெண் தன் வயிற்றுக் கால்களுக்கு இடையில் முட்டையைச் சுமந்துகொண்டு திரியும். தொட்டியில் வைத்து வளர்ப்பதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. முட்டை பொரிந்த இரவில்தான் பாதைகள் பிரிகின்றன. செரி இறாலின் முட்டையிலிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளத்தில், கால் கொடுக்கு எல்லாம் சேர்ந்த முழு இறாலே வந்துவிடும். அமானோவிலிருந்து வருவது தலைகீழாகத் தொங்கி மிதக்கும் குடம்பி, அதாவது இன்னும் இறால் உருவம் பெறாத லார்வா. அது சில நாட்களுக்குள் கடல்நீருக்குப் போயாக வேண்டும். ஆற்றிறாலும் குடம்பியாகத்தான் பொரிக்கும். அதற்குக் கேட்பது கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்புள்ள உவர்நீர். நன்னீரிலேயே விட்டால் நாலைந்து நாளில் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே வாங்க முன்னர் நிறத்தையும் விலையையும் பார்ப்பதைவிட, குடம்பிக்கு என்ன தண்ணீர், என்ன வெப்பம், என்ன தீனி என்று பார்ப்பதுதான் காசை மிச்சம் பிடிக்கும். அந்தக் கணக்கில் கொழும்பு ஒரு விசித்திரமான ஊர். பைப் தண்ணீர் மென்மையானது, அறை வெப்பம் வருடம் முழுக்க 27 தொடக்கம் 31 பாகை, கடலோ காலி வீதியிலிருந்து நடை தூரம்.

வெக்கை யாருக்குச் சுமை, யாருக்கு வசதி

செரிக்கு (நியோகரிடினா டேவிடி) மிகவும் பிடித்தது 22 – 26 பாகை. 28இலும் நன்றாகவே முட்டை பிடிக்கும். இரண்டு வாரம் சொச்சத்தில் பொரித்தும் விடும். ஆனால் வளர்சிதை மாற்ற வேகம் கூடுவதால் ஆயுள் குறைகிறது. 30ஐத் தாண்டினால் பெண்கள் முட்டையை உதிர்க்கத் தொடங்கும், 32இல் இனப்பெருக்கம் நின்றே போகும். ஏப்ரல் மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் 32 சர்வ சாதாரணம். மேற்பரப்பில் சிறிய விசிறி பூட்டினால் 1 – 2 பாகை இறங்கும். கொழும்புக் காற்றில் ஈரப்பதம் கூட என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விசிறி ஓடும் தொட்டியில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், கனிமங்கள் மட்டும் தங்கிவிடும். குறைந்த அளவை நிரப்ப உப்புக் கலக்காத, குளோரின் போன பைப் தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

அமானோவின் பெரிய இறால்கள் 28ஐப் பொறுக்கும். குடம்பிகளுக்கு 24 – 26தான் பாதுகாப்பான எல்லை. குடம்பிப் போத்தலைத் தண்ணீர் நிரம்பிய ரெஜிபோம் பெட்டியில் இறக்கி, அந்த வெளித் தண்ணீரில் காலையும் மதியமும் உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று மிதக்கவிட்டால் சமாளிக்கலாம். ஒன்றரை மாதம் நாள் தவறாமல் செய்ய வேண்டிய வேலை அது.

ஆற்றிறால் (மக்ரோபிரேக்கியம் ரோசன்பெர்கி) குடம்பி கேட்பதோ 28 – 31 பாகை. குளிர்நாட்டுக்காரர்கள் ஹீட்டர் போட்டு உண்டாக்கும் வெப்பம் இங்கே சும்மா கிடைக்கிறது. மழை இரவுகளில் 26க்கு இறங்காமல் இருக்க 28இல் வைத்த சின்ன ஹீட்டர் ஒன்று போதும்.

கிறிஸ்டல் ரெட், ப்ளூ போல்ட் இறால் வகைகளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். இவற்றின் குஞ்சும் நேரடியாக இறாலாகவே வரும், உப்புத் தொல்லை கிடையாது. ஆனால் 20 – 23 பாகையும், 6.5க்குக் கீழ் பிஎச்சும் இல்லாமல் பரம்பரை பிடிக்காது. கொழும்பில் அதற்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இரவு பகலாக ஓட வேண்டும். கரண்ட் பில்லைக் கட்ட மனமிருந்தால் வாங்கலாம். நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு இதே இறால் கிட்டத்தட்ட இலவசம்.

செரி: தண்ணீரைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது

கொழும்புக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் ஒரு பங்கு வருகிறது. இரண்டுமே கனிமம் குறைந்த மென்னீர். செரி ஓடு கழற்றிப் புது ஓடு கட்ட ஜிஎச் (தண்ணீரிலுள்ள கல்சியம், மக்னீசியத்தின் அளவு, இதையும் பாகையில்தான் சொல்வார்கள்) 6 – 8 வேண்டும். அது இல்லாவிட்டால் கழுத்துப் பக்கத்தில் ஓடு வட்டமாகப் பிளந்து, வெள்ளை வளையம் தெரிய, பாதியில் சிக்கிச் செத்துப்போகும். "நோய்" என்று மருந்து ஊற்றுபவர்கள் அதிகம். மருந்தில் செம்பு இருந்தால் மிச்சமும் போய்விடும்.

40 லீற்றர் தொட்டியில் ஜிஎச்சை 4 பாகை உயர்த்த 3.7 கிராம் தூய ஜிப்சமும் 1.8 கிராம் எப்சம் உப்பும் போதும். ஜிப்சம் இலேசில் கரையாது. 4 லீற்றர் தண்ணீரில் போட்டு எயார் கல் வைத்து ஒரு இரவு கலக்கவிட்டு, மறுநாள் ஊற்ற வேண்டும். கேஎச்சை (பிஎச் ஆட்டம் காணாமல் பிடித்து வைக்கும் காபனேற்றின் அளவு) 2 பாகை உயர்த்த 2.4 கிராம் அப்பச்சோடா. இறால் உள்ளே இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டக் கூடாது, மூன்று நான்கு தவணையாகப் பிரித்து ஊற்றுங்கள். இந்தத் தொல்லை வேண்டாதவர்கள் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டு வைக்கலாம். மெதுவாகக் கரையும், கல்சியம் தரும், மக்னீசியம் தராது. கடற்கரையில் பவளக் கல் பொறுக்கப் போகாதீர்கள், அது இலங்கையில் சட்டப்படி குற்றம்.

2 அடிக்கு 1 அடித் தொட்டி, எயார் பம்பில் ஓடும் ஸ்பொஞ் ஃபில்டர், ஒரு பிடி ஜாவா பாசி, கொட்டங்காய் மரத்தின் காய்ந்த இலை இரண்டு. மோட்டர் ஃபில்டர் என்றால் வாய்க்கு ஸ்பொஞ் கட்டாமல் விடக்கூடாது, குஞ்சு முழுக்க உள்ளே இழுபட்டுப் போகும். தொட்டியை 4 – 6 வாரம் வெறுமனே ஓடவிட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமான பிறகே 10 – 15 இறாலை இறக்குவது. இந்த வாரங்கள் பக்டீரியாவுக்கு மட்டுமல்ல. பிறந்த குஞ்சு முதல் வாரம் முழுக்கத் தின்பது கண்ணாடியிலும் இலையிலும் படியும் வழுவழுப்பைத்தான். புதிதாகத் துடைத்துப் பளபளக்கும் தொட்டியில் குஞ்சு பட்டினியில் சாகும்.

பெண்ணின் முதுகில் மஞ்சள் சேணம்போல் முட்டைத் திரள் தெரிந்தால் அடுத்த ஓடு கழற்றலோடு முட்டை வயிற்றுக்கு இறங்கும். ஒரு தடவைக்கு 20 – 30 குஞ்சு. நீங்கள் செய்ய வேண்டியது அநேகமாக எதுவுமில்லை. அவித்த முருங்கை இலை அல்லது பசளி கொஞ்சம், மூன்று மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வாரத்துக்கு 10 வீதத்துக்கு மேல் தண்ணீர் மாற்றாதீர்கள்; திடீர் மாற்றம் நேரம் வராத ஓடு கழற்றலைத் தூண்டும். சிவப்பையும் நீலத்தையும் ஒரே தொட்டியில் விட்டால் சில தலைமுறையில் எல்லாம் மண்ணிறமாகிவிடும்.

உப்புத் தண்ணீர் தேவைப்படும் இரண்டும்

கடல்நீரை வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் இடத்துக்கு அருகில் எடுக்க வேண்டாம். மழை பெய்த மறுநாளும் வேண்டாம். கொண்டுவந்ததைத் துணியில் வடித்து, 40 லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் வாசனை சேர்க்காத 5 வீத பிளீச் ஊற்றி, ஒரு நாள் கழித்து நன்றாகக் காற்று விட்டு, மிச்சக் குளோரினை சோடியம் தயோசல்பேற்றால் நீக்க வேண்டும். கறியுப்பைக் கரைத்துக் கடல்நீர் ஆக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். அயடீன் சேர்த்திருப்பதல்ல தடை. உப்பளத்தில் உப்பு படியும்போது மக்னீசியம், பொட்டாசியம் பெரும்பாலும் கழிநீரோடு போய்விடுகின்றன. குடம்பிக்கு அவை இல்லாமல் முடியாது. உப்பின் அளவை ரிஃப்ராக்டோமீற்றரில் பார்த்துக்கொள்ளுங்கள், நாக்கை நம்ப வேண்டாம்.

இனி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அமானோ ஒரு தடவையில் ஏறத்தாழ 2000 முட்டை சுமக்கும். 4 – 5 வாரத்தில் கரும்பச்சை நிறம் மங்கி, முட்டைக்குள் கண்புள்ளி தெரியும்போது பெண்ணைத் தனியாக 10 லீற்றர் நன்னீரில் விடுங்கள். இரவில் பொரிக்கும். இருட்டறையில் ஒரு மூலையில் டோர்ச் அடித்தால் எல்லாம் வெளிச்சத்துக்குக் கூடும், எயார் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். லீற்றருக்கு 30 – 34 கிராம் உப்புள்ள நீரில், 10 லீற்றர் பாத்திரம் போதும். ஃபில்டர் கிடையாது, கல் இல்லாத குழாயிலிருந்து செக்கனுக்கு ஒன்றிரண்டு குமிழி, 24 மணித்தியாலமும் விளக்கு. தீனி நுண்பாசி: நனோகுளோரொப்சிஸ், டெட்ராசெல்மிஸ், ஐசோகிரைசிஸ் எதுவானாலும். தண்ணீர் எப்போதும் இளம்பச்சையாக இருக்க வேண்டும். தெளிந்துவிட்டால் பட்டினி, கரும்பச்சையானால் அழுகல்.

பாசியே அமானோவின் பெரிய தலையிடி. தாய்ப்பாசி ஒரு போத்தல் கிடைத்தால் 1.5 லீற்றர் போத்தல்களில் நேர்வெயில் படாத யன்னலோரம் வளர்க்கலாம். உரத்துக்கு ஹைட்ரோபொனிக்ஸ்காரர்கள் பாவிக்கும் ஆல்பர்ட் தூள், லீற்றருக்கு 0.1 – 0.2 கிராம். அதில் சிறிதளவு செம்பும் உண்டு என்பதால் பாசி அடர்ந்த பிறகே, கொஞ்சம் கொஞ்சமாகக் குடம்பிக்கு ஊற்ற வேண்டும். தாய்ப்பாசிக்கு சிலாபம், புத்தளம் பக்கத்துக் கடலிறால் குஞ்சு பொரிப்பகங்களில் கேட்டுப் பார்ப்பது நல்லது. பொரிப்பதற்கு இரண்டு வாரம் முன்னரே பாசி தயாராக இருக்க வேண்டும். பொரித்த பிறகு பாசி தேடி ஓடுபவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

ஆற்றிறாலின் முட்டை செம்மஞ்சளில் தொடங்கி, 3 வாரத்துக்குள் சாம்பல் நிறமாகும். சாம்பலானால் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். பெரிய பெண் ஒன்று பல்லாயிரம் குடம்பி விடும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டாம், லீற்றருக்கு 40 என்ற கணக்கில் 40 லீற்றருக்கு 1600 போதும். லீற்றருக்கு 12 கிராம் உப்பு வேண்டும். கடல்நீர் 34 என்றால் 14 லீற்றர் கடல்நீரும் 26 லீற்றர் குளோரின் போன நன்னீரும். முதல் நாள் தீனி வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் போன்ற உயிரி) குஞ்சு, மில்லிலீற்றருக்கு 4 என்ற கணக்கில். 40 லீற்றருக்கு அது நாளொன்றுக்கு 1,60,000 குஞ்சு, ஏறக்குறைய ஒரு கிராம் முட்டை. ஆர்ட்டீமியாவின் வெற்று முட்டைக் கோதைப் பிரிக்காமல் ஊற்றினால் அடியில் படிந்து அழுகும். பத்தாம் நாளுக்குப் பிறகு கோழி முட்டை, பால்மா, கணவாய்ச் சதை அடித்து ஆவியில் அவித்த கஸ்டர்ட்டை வடியில் தேய்த்துப் பகலில் கொடுத்து, ஆர்ட்டீமியாவை மாலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும்.

அமானோவைப் போலல்லாமல் இங்கே ஊனுணவு என்பதால் அமோனியா மளமளவென்று ஏறும். தினமும் அடியை உறிஞ்சி 40 வீதம் தண்ணீர் மாற்ற வேண்டும். அதாவது 16 லீற்றர், அதில் 5.6 லீற்றர் கடல்நீர். தொடக்கத்தில் ஊற்றிய 14 லீற்றரையும் சேர்த்தால் 30 நாளுக்குக் கடல்நீர் மட்டும் 180 லீற்றருக்கு மேல். நாலாம் மாடியில் லிஃப்ட் இல்லாமல் இருப்பவர் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். அமானோவுக்கு முழுக் காலத்துக்கும் பாசி வளர்ப்பையும் சேர்த்து 20 லீற்றர் அளவில் முடிந்துவிடும்.

காலத்தில் ஆற்றிறால் முந்தும். 11 குடம்பி நிலைகளைக் கடந்து 20ஆம் நாளளவில் முதல் பின்குடம்பிகள் (குடம்பிப் பருவம் முடிந்த சின்ன இறால்கள்) தெரியும், 30 – 35 நாளில் பெரும்பாலானவை மாறிவிடும். அமானோவுக்கு 30 முதல் 60 நாள், சில அதற்கும் மேல் இழுக்கும். இரண்டிலும் அடையாளம் ஒன்றுதான்: தலைகீழாக மிதந்தது நேராக நீந்தி, சுவரைப் பிடித்து நடக்கும். ஆற்றிறாலை அப்போது அரை நாளில் படிப்படியாக நன்னீருக்கு மாற்றலாம். அமானோவில் மாறியதை உப்பிலேயே விட்டுவைத்தால் செத்துப்போகும், தினமும் பொறுக்க வேண்டும். பத்தில் ஒன்று கரையேறினாலே அமானோவுக்கு அது நல்ல கணக்கு.

ஆனால் ஆற்றிறாலில் வெற்றிதான் சிக்கல். 500 பின்குடம்பியை எங்கே வைப்பது? ஓடு கழற்றியதை மற்றது தின்னும். நீலக் கொடுக்கு வந்த ஆண் மற்ற எல்லாவற்றையும் அடக்கி வைக்கும். பெரிதாக வளர்க்கச் சதுர மீற்றருக்கு நாலைந்துக்கு மேல் விட முடியாது. பின்வளவில் சீமெந்துத் தொட்டியோ, ஊரில் குளமோ இல்லாதவருக்கு இது ஒரு தடவை செய்து பார்க்கும் பரிசோதனைதான். சாப்பாட்டுக்கு இறால் வளர்ப்பதே நோக்கம் என்றால் குடம்பி வேலையில் இறங்காமல், நக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையிடம் பின்குடம்பியாகவே வாங்குவது புத்தி.

மூன்றுக்கும் பொதுவான எமன்

டெங்குப் புகை. வீதியில் புகையடிக்கும் இயந்திரச் சத்தம் கேட்டவுடன் எயார் பம்பை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியாலும் பிளாஸ்ரிக் தாளாலும் மூடுங்கள். பம்ப் ஓடினால் அறைக் காற்றை உறிஞ்சி மருந்தை நேரே தண்ணீருக்குள் இறக்கும். பைரத்திராய்டு மருந்துகள் மீனைவிட இறாலை மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். நுளம்புத் திரியும் மின்னில் மாட்டும் திரவமும் அதே வகை மருந்துதான். புகை அடங்கி அறை காற்றோட்டமாக ஒரு மணித்தியாலம் எடுக்கும். செரித் தொட்டிக்கு அது ஒன்றும் பெரிதல்ல. நெரிசலான ஆற்றிறால் குடம்பித் தொட்டியில் அவ்வளவு நேரம் காற்றில்லாமல் விட முடியாது. மின்கலத்தில் ஓடும் சிறிய பம்பைப் புகை புகாத உள்ளறையில் வைத்து நீளக் குழாய் இழுத்துவிட வேண்டும். மின்வெட்டுக்கும் அதே பம்ப் உதவும்.

முதல் தடவை என்றால் செரி. நாங்கள் இரண்டாவது தெரிவே சொல்ல மாட்டோம். செரி ஒரு வருடம் நின்று பிடித்தவர், பாசி வளர்க்கவும் பழகியவர் என்றால் அமானோ. ஆற்றிறால், கடல்நீர் சுமக்க ஆளும் குஞ்சு விட இடமும் உள்ளவருக்கு. எதுவானாலும் மிஞ்சியதைக் கடைக்குக் கொடுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள். பேரே வாவியிலோ பக்கத்துக் கால்வாயிலோ கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். செரியும் அமானோவும் இந்நாட்டு நீருக்குரியவை அல்ல, இங்குள்ள சொந்தக் கரிடினா இறால்களுக்கு ஏற்கெனவே இடம் போதாது.