முக்கோண அரமும் முறுக்கு வில்லையும்: ஆறு தீபாவளிகளுக்குப் பிறகு

முறுக்குக் குழல் இப்போது மலிவாகக் கிடைக்கிறதே, இன்னும் பழைய வில்லையின் (குழலின் அடியில் மாவு பிழியும் துளைத் தகட்டின்) துளைகளை அரத்தால் குடைந்து ஒரே அளவாக்கிக்கொண்டிருக்கிறாயா என்று மலேசியாவின் கோலகங்சார் ஊர் நண்பர் கேட்டார். அவருக்கான பதில் இது.

எங்கள் சுங்கை சிப்புட் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த அப்பா, ரம்பத்துக்குக் கூர் வைத்துத் தேய்ந்துபோன முக்கோண அரம்தான் என் கருவி. மூன்று பக்கத்துப் பற்களையும் சாணையில் வழித்து, விளிம்புகளைக் கூராக்கினேன். அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். சாணைச் சூட்டில் எஃகு நீலம் ஏறினால் பதம் போய்விடும். முதல் அரத்தை அப்படித்தான் இழந்தேன். இரண்டாவது ஆறு ஆண்டுகளாக உழைக்கிறது.

டிரில் வைத்துப் பெரிதாக்கினால் பித்தளை அலகைக் கவ்வி இழுக்கும், வில்லை கையை மீறிச் சுழலும். அரத்தின் விளிம்போ சுரண்டிக்கொண்டே போகிறது.

அம்மாவின் வில்லையில் ஒரு துளை இரண்டரை மில்லிமீட்டர், மற்ற இரண்டும் மூன்று. அரை மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. பரப்பில் 44 விழுக்காடு வித்தியாசம். மாவு அகன்ற வழியில் முந்திக்கொள்ளும். எண்ணெயில் மெல்லிய இழை கருகும்போது தடித்த இழை உள்ளே வேகாமல் கிடக்கும். மூன்று மில்லிமீட்டர் டிரில் அலகின் வழவழப்பான தண்டுதான் என் அளவுகோல்.

நான் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. மாவு இறங்கும் உள்பக்கத்திலிருந்து குடைந்ததால் துளை புனல்போல் சரிந்திருக்கிறது. மணிக்கட்டு வலியோடு பிழிந்த அம்மா, "மாவு தானா இறங்குதுடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எத்தனை மாலைப் பொழுதுகளையும் கொடுப்பேன்.

ஆனால் அந்தப் பித்தளைப் பிசிறு! அரம் வெளிவரும் விளிம்பில் மயிரிழையாய் நிற்கும். முறுக்கின் ஒரு பக்கம் முழுதும் கிழிந்து வரும். லேசாக வழித்தால் போகாது, அழுத்தினால் துளை வெளிப்பக்கம் விரிந்து அளவு கெடும். ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அது என்னைச் சும்மா விட்டதில்லை. சென்ற வாரம் சித்தியின் வில்லையில் மூன்றாவது துளையைக் கெடுத்தேவிட்டேன். இத்தனைக்கும் பிறகு பித்தளைத் தூள் போகத் தேய்த்துக் கழுவி, முதல் பிடி மாவைப் பிழிந்து எறிய வேண்டும்.

அரத்தின்மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நண்பரே, புதியதையே வாங்குங்கள். கடைக்குப் போகும்போது மூன்று மில்லிமீட்டர் அலகு ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். மூன்று துளைகளிலும் அது ஒரே இறுக்கத்தோடு நுழைந்தால் மட்டும் காசு கொடுங்கள்.