பீன் பேக் போதும், கதவு வைத்த அறை கொடுங்கள்: ஓஎம்ஆர் கோவொர்க்கிங் அலுவலகம் ஒன்று

எங்கள் டீமில் பெரும்பாலானவர்களுக்கு 22லிருந்து 27 வயதுக்குள். கல்லூரி முடித்து நேராக வேலைக்கு வந்தவர்கள், பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள், சென்னை வேளச்சேரி பக்கம் பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கியிருக்கிறார்கள். இவர்களை மனதில் வைத்துத்தான் ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடியில் ஒரு கோவொர்க்கிங் இடத்தில் (பல நிறுவனங்கள் சீட் வாடகைக்கு எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகம்) பாதித் தளத்தை எடுத்தோம். சீட்டுக்கு மாதம் 8,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஜென் ஸீக்காகவே, அதாவது இந்த இளம் தலைமுறைக்காகவே, டிசைன் செய்த அலுவலகம் என்று சொல்லித்தான் காட்டினார்கள். அந்த இடத்தின் பெயரை நான் இங்கே போடவில்லை. ஓஎம்ஆரில் பல இடங்கள் இதே மாதிரிதான் இருக்கின்றன, அதனால் நீங்கள் எங்கே இடம் தேடினாலும் இது உதவும்.

நாற்காலிக்கு முழு மார்க். இடுப்புக்குத் தாங்கல் இருக்கிறது, உயரத்தையும் கைப்பிடியையும் ஏற்றி இறக்கலாம், ஐந்தடிப் பெண்ணும் ஆறடிப் பையனும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தாலும் முதுகு வலிப்பதில்லை. ஆளுக்கொரு லாக்கர் தந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஏனென்றால் நவம்பர் மழையில் பைக்கில் வருகிறவர்கள் ஹெல்மெட்டையும் நனைந்த ரெயின்கோட்டையும் மேஜைக்கடியில் திணிக்க வேண்டியதில்லை. பெண்கள் கழிப்பறையும் சுத்தமாக, தேவையான எல்லாவற்றோடும் இருக்கிறது.

பிரச்சினை சத்தம்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தரை பாலிஷ் போட்ட சிமெண்ட், சுவரெல்லாம் கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் ஏசி குழாய்கள் வெளியே தெரிகிற மாதிரி விட்டிருக்கிறார்கள். போட்டோவில் நன்றாக இருக்கும். ஆனால் சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவுமே இல்லை, கார்பெட் இல்லை, திரை இல்லை, ஒரு மூலையில் ஒருவர் கிளையண்ட்டிடம் பேசினால் மறு மூலையில் கோட் எழுதுகிறவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. தளம் முழுக்க ஃபோன் பூத், அதாவது கதவைச் சாத்திக்கொண்டு ஃபோன் பேசும் சின்னக் கூண்டு, இரண்டே இரண்டு. அதிலும் ஒன்றில் ஃபேன் ஓடுவதில்லை, பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். அதனால் பிள்ளைகள் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போகிறார்கள். வீட்டு ஓனர், வங்கி, டாக்டர், ஊரில் உடம்பு சரியில்லாத அப்பா என்று எல்லாப் பேச்சும் அங்கேதான். முதல் வேலையில் இருக்கிற ஒரு பெண் அழுதுகொண்டே பேச வேண்டிய விஷயத்தை, போகிற வருகிறவர்களுக்கு நடுவே நின்று பேச வைப்பது கொடுமை.

திறந்த ஹாலில் உட்கார வைத்தால் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசுவார்கள் என்பதுதான் எல்லா டிசைனர்களும் சொல்லும் காரணம். 2018இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்கள் திறந்த அலுவலகத்துக்கு மாறியபோது அளந்து பார்த்திருக்கிறார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சலும் மெசேஜும் கூடின. எங்கள் தளத்திலும் அதையேதான் பார்க்கிறேன், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கே ஹெட்ஃபோனைக் கழற்றாமல் சாட்டில் செய்தி அனுப்புகிறார்கள். கேட்டால், வாய் திறந்தால் எல்லோருக்கும் கேட்குமே என்கிறார்கள். நியாயம்தானே?

இத்தனைக்கும் ஒரு நல்ல அறை அளவு இடத்தைப் பீன் பேக், ஊஞ்சல், நியான் விளக்கு வாசகம் என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். பீன் பேக்கில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்து அரை மணி நேரம் டைப் செய்து பாருங்கள், கழுத்து சொல்லும். பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. அந்த இடத்தில் கதவு வைத்த சின்ன அறைகள் நான்கு போட்டிருக்கலாம். வயது குறைந்தவர்களுக்கு விளையாட்டுதான் வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை, எங்கள் ஆட்கள் கேட்பது அமைதியும் தனக்கென்று ஒரு மேஜையும்தான். தினமும் காலையில் எந்த சீட் கிடைக்கும் என்று தேடுவது அவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. நாங்கள் சண்டை போட்டு நிரந்தர சீட் வாங்கினோம்.

ஏசி விஷயமும் சரியில்லை. மேற்குப் பக்கக் கண்ணாடியில் மதியத்துக்கு மேல் வெயில் அடிக்கிறது, பிளைண்ட்ஸ் இல்லை. ஜன்னலோரம் இருப்பவர்களுக்காகக் குறைத்து வைத்தால் நடுவில் இருப்பவர்கள் துப்பட்டாவைப் போர்த்திக்கொள்கிறார்கள். பேண்ட்ரி பரவாயில்லை, ஆனால் மைக்ரோவேவ் ஒன்றுதான், ஒரு மணிக்கு டிபன் பாக்ஸோடு வரிசை நிற்கும்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். சாய்ந்து உட்காரும் நாற்காலிக்கும் லாக்கருக்கும்தான் அந்த மூன்றும்.

நீங்கள் இடம் பார்க்கப் போனால் காலையிலேயே போகாதீர்கள், அப்போது ஹால் காலியாக அழகாக இருக்கும். வேலை நாளில் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். மேற்கு ஜன்னல் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், ஃபோன் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்தி ஒரு கால் பேசுங்கள், வெளியே நிற்கும் நண்பரிடம் என்ன கேட்டது என்று கேளுங்கள். அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.